மருமகன் போட்ட காப்புறுதி

தபாற்காரர் கொடுத்த பழுப்பு உறையை ஹாஜியார் இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தவர். எங்கள் அடுத்த வீட்டுக்காரர். நான் அப்போது கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்காகச் சைக்கிளில் செய்தி தேடித் திரிந்த உள்ளூர் நிருபர். உறைக்குள் இருந்தது அவருடைய பழைய காருக்கான முழுக் காப்புறுதியின் பில். சட்டப்படி வேண்டிய காப்புறுதியை அவர் ஏற்கெனவே எடுத்திருந்தார். இதை அவர் கேட்கவுமில்லை, எதிலும் கையெழுத்து வைக்கவுமில்லை.

"வாசிங்க மனே. கார் என்ட, காசு என்ட, கேட்டது மட்டும் ஆரெண்டு தெரியா."

யாரென்று இருவருக்கும் தெரியும். அந்த வருஷம் அவருடைய மூத்த மகளைக் கல்யாணம் முடித்த மருமகன், காப்புறுதிக் கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருந்தார். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஆள் பிடிக்க வேண்டும். காலையில் எழுந்தால் அவர் கண்ணில் முதலில் படுவது முற்றத்தில் நின்ற மாமாவின் கார்.

"கூப்பிட்டுக் கேளுங்களேன், ஹாஜியார்" என்றேன்.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். புது மாப்பிள்ளையிடம் மாமனார் விசாரணை நடத்த முடியாது. ஒரு சொல் தடித்து, அவர் சம்மாந்துறையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டால், பிள்ளைத்தாய்ச்சியான மகளின் வாழ்க்கை என்னாவது? அந்த வீட்டில் மாமனும் மருமகனும் நேரே கதைத்ததே இல்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான்.

ஆகவே கந்தோருக்கு முறைப்பாட்டுக் கடிதம் அனுப்பத் தீர்மானித்தார். எழுதியவன் நான், ஒப்பமிட்டவர் அவர். கடிதம் கல்முனைக் கந்தோரில் மருமகனின் மேசைக்கே போய்ச் சேர்ந்தது. 'கனம் ஐயா, விடயம் பரிசீலனையில் உள்ளது' என்று அவர் தட்டச்சில் பதில் போட்டார். தபாற்காரர் அதைக் கொண்டுவந்தபோது, அனுப்பியவர் உள்ளே மீன்குழம்போடு சோறு தின்றுகொண்டிருந்தார். ஹாஜியார் விறாந்தையில் நின்று அதைச் சத்தமாக வாசித்தார்.

"புள்ள, பரிசீலன எப்ப முடியுமெண்டு கந்தோரில கேட்டுச் சொல்லு."

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "மேலிடத்துக்கு எழுதியிருக்காம், வாப்பா."

"சரி. மீனாணம் போதுமா எண்டும் கேளு."

இரண்டாவது கடிதத்தை மேலிடத்துக்கே அனுப்பினோம்; அதில் நான் 'மோசடி' என்ற சொல்லைச் சேர்த்தேன். பத்திரிகைத் தலைப்புக்கு ஏற்ற சொல். அதை வாசித்த மேலிடத்து முகாமையாளர் மட்டக்களப்பிலிருந்து நேரே வந்துவிட்டார்.

வந்தவரைப் பசியோடு அனுப்ப முடியுமா? ஹாஜியார் வீட்டில் புரியாணி ஆக்கினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எங்கள் விருந்துகளில் சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி இருந்து, எல்லோரும் அதிலேயே கைவைத்துத் தின்போம். முகாமையாளர், ஹாஜியார், மருமகன், நான் என நால்வரும் இருந்தோம். மருமகனின் கை சோற்றில் கிடந்ததே தவிர வாய்க்குப் போகவில்லை. கதவுச் சீலைக்குப் பின்னால் மகளின் கால்கள் தெரிந்தன.

"ஹாஜியார், ஒரு சொல் சொல்லுங்க. உங்களக் கேக்காமலா இவர் இதப் போட்டார்? அப்படியெண்டா இண்டைக்கே இவர வேலையால நிப்பாட்டணும்" என்றார் முகாமையாளர்.

ஹாஜியார் சீலையைப் பார்த்தார், பிறகு சோற்றைப் பார்த்தார்.

"ஆரு சொன்ன? மருமகன் கேட்டாரு, நான் ஓமெண்டேன். காசு நாளைக்குக் கட்டுறன்."

"அப்ப இந்தக் கடிதங்கள்?"

"அதுவா? இந்தப் பேப்பர்காரன்ட வேல. நல்லாயிருக்கிற எடத்திலதான் இவனுக்குப் பிரச்சின தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிற்காலத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் தாம் சொன்னதைச் சொல்லவில்லை என்று பத்திரிகைக்கு மறுப்பு அனுப்பியிருக்கிறார்கள். என் பக்கத்தில் இருந்து, எனக்கு இறைச்சி எடுத்து வைத்துக்கொண்டே மறுத்தவர் ஹாஜியார் ஒருவர்தான்.

பிறகு அவர் ஒரு நல்ல துண்டை மருமகன் பக்கம் தள்ளிவைத்து, கல்யாணம் முடிந்த பின் முதல் தடவையாக அவரிடம் நேரே கதைத்தார்.

"தின்னுங்க மருமகன். அடுத்தது இவன்ட சைக்கிளுக்குப் போடுங்க."