துணி காய்ந்த மூன்று நாட்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷமாகத் தள்ளிப்போட்டேன். பேனாவை எடுப்பேன், கை வராது, ஜெபமாலையை எடுத்துக்கொள்வேன்.

எங்கள் வீடு கடலூரில். நான் எட்டாவது வரை படித்தவள். மகள் சிதம்பரத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படித்தாள். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சேட்டிலைட் மேலிருந்து அளக்குமாம். வானம் திட்டுத்திட்டாக மூடியிருந்தால், மேகங்களுக்கு நடுவே உள்ள சந்து வழியாகத்தான் அதற்குக் கீழே தெரியும். சந்தில் ஈரம் கம்மி, அதனால் அளவும் கம்மியாக வரும் என்பது அவள் கட்சி. அதைச் சரிபார்க்க எங்கள் மொட்டைமாடியில் ஒரு கருவி வைத்தாள். மேகம் இருந்தாலும் அது ஈரத்தைச் சரியாகச் சொல்லும். மேகத்தைக் குறிப்பது என் வேலை. தினமும் மத்தியானம் ஒன்றரைக்கு மாடியேறி, வானத்தை எட்டாகப் பிரித்து, எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும்.

"தோசைய எட்டா வெட்டுனாப்ல நெனச்சுக்கம்மா" என்றாள்.

அந்த அக்டோபரில் கோயிலிலிருந்து மாதா சுரூபம், அதாவது சிலை, எங்கள் தெருவில் வீடு வீடாக வந்தது. எங்கள் வீட்டில் மூன்று நாள். ஜெபம் சொல்ல ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மாதாவை விட்டு எழுந்து போக மனம் வரவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் கொடியில் துணி மொறமொறவென்று காய்ந்திருந்தது. அப்படியானால் மேகமே இல்லை என்று மூன்று நாளும் பூஜ்யம் போட்டேன். துணி காயச் சந்து வெயிலே போதும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மேகமில்லாத நாளில் சேட்டிலைட்டும் கருவியும் ஒத்துப்போக வேண்டும். அந்த மூன்று நாளும் சேட்டிலைட் குறைத்துக் காட்டியது. மேகமே இல்லாத நாளிலும் குறைகிறதே, அப்புறம் மேகத்தின் மேல் எப்படிப் பழி போடுவாய் என்று அவளுடைய சார் கேட்டாராம். ஒரு மாதம் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். ஒருநாள் நோட்டோடு வந்து நின்றாள்.

"இந்த மூணு நாளும் வானம் நெஜமாவே சுத்தமா இருந்துச்சாம்மா?"

"ஆமா" என்றேன்.

அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டு, மீதியைக் கொடுத்துப் பட்டம் வாங்கினாள்.

இந்தத் தவக்காலத்தில்தான் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மகளிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார் ஃபாதர். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தெரியலன்னு காலியா உட்டிருந்தா, அந்த மூணு நாள நானே தள்ளிட்டிருப்பேம்மா."

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் பார்த்து ஏற்றிவிட்டாள். போன் பேசுகிறாள். வானத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

இதை யாரிடமாவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். பாவம், மாதாவை விட்டுப் போக மனமில்லாமல் நடந்தது என்று எனக்காக மாற்றிவிடாதீர்கள். நான் "ஆமா" என்று சொன்ன அன்று சுரூபம் எங்கள் வீட்டில் இல்லை.