ஊசிக்கோழி என்று சொன்ன என் அண்ணன்

என் அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. வயதாகிவிட்டதே, விட்டுத் தொலையேன் என்று சொல்கிறவர்களிடம், வயதானால் முட்டிதான் தேயும், கோபம் எதற்குத் தேய வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ராஜபாளையத்து நூல் மில் மூடிவிட்டது. இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று ஒரு வருஷம் போனது. பிறகு அவர் சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கே குடிவந்து, வன்னியம்பட்டிப் பக்கம் அவர் பங்குக்கு வந்த காட்டில் கொட்டகை போட்டுக் கறிக்கோழி வளர்க்க ஆரம்பித்தோம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் ஒரு நாள் குஞ்சுகள் பஸ் ஏறி வரும். தரையில் கடலைத்தொலியைப் பரப்பி, மேலே குண்டு பல்பு கட்டி, அந்தச் சூட்டில் விடுவோம். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்த தீவனம். ஆறு வாரத்தில் கறிக்குத் தயாராகிவிடும்.

அண்ணனுக்கு ராஜபாளையத்தில் ஆட்டுக்கறிக்கடை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கும். கறிக்கோழி ஊருக்குள் வந்த பிறகு அந்த வரிசை பாதியானது. அதற்கு நான் என்ன செய்ய? என் கோழி இல்லாவிட்டால் வேறொருத்தர் கோழி வந்திருக்கும்.

ஒரு நாள் பண்ணையைப் பார்க்கிறேன் என்று வந்தான். குஞ்சுகளுக்கு அன்று ஏழாம் நாள். வெள்ளைக்கழிச்சல் வராமல் இருக்க ஒவ்வொரு குஞ்சையும் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தோம்.

"என்னட்டி அது, ஊசியா?"

"ஊசி எங்க இருக்கு? சொட்டு மருந்துண்ணே. மனுசப் பிள்ளைக்குப் போலியோவுக்கு விடுதாகள்ல, அதே மாதிரி."

தலையை ஆட்டினான். மத்தியானம் எங்கள் கோழிக்குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

அந்த வருஷக் கடைசியில் என் மகள் பெரியவளானாள். அப்போது அவளுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. அண்ணன் தாய்மாமன் அல்லவா, குறை வைக்கவில்லை. அவள் தனியே இருக்கத் தன் கையாலேயே தென்னங்கீற்றில் குச்சில் கட்டினான். நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் அவனே கொண்டுவந்து, பதினாறு நாளும் காலையில் நின்று குடிக்கவைத்தான். அவள் குமட்டக் குமட்டக் குடித்தாள். சடங்கன்று மைக் செட் கட்டி, மேளத்தோடு சீர்த்தட்டு எடுத்துவந்தான். இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்ப்பான் என்று நானே பத்துப் பேரிடம் பீற்றிக்கொண்டேன். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆறாம் வகுப்பு போய் இரண்டு மாதம் இருக்கும். மகள் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தாள். முதலில் கோழிக்கறி வேண்டாம் என்றாள். நித்தம் அந்த வாடையில் கிடக்கிற பிள்ளை, சலித்திருக்கும் என்று விட்டேன். பிறகு முட்டை வேண்டாம், பால் வேண்டாம். கடைசியில் வயிறு சரியில்லை என்று சோற்றையும் கால்வாசியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். கன்னம் ஒட்டிப்போனது. நல்ல வெயிலில் கையைப் பிடித்தால்கூடச் சில்லென்று இருந்தது.

காரணத்தைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். அவளுக்குச் சொந்தம் ராஜபாளையத்தில். விசேஷத்துக்குப் போனவள், கறியெடுக்க என் அண்ணன் கடையில் நின்றிருக்கிறாள்.

"சொன்னா வருத்தப்படாத. பிராய்லர் பேச்சு எடுத்தாலே ஒங்க அண்ணன் ஒரு கதை சொல்லுதாவ. 'அம்புட்டும் ஊசி போட்டு வளக்குத கோழி. எங்கண்ணால பாத்தேன். பொம்பளப் பிள்ளைக்குக் குடுத்திராதிய. எந்தங்கச்சி மக அதத் தின்னுதான் பத்து வயசுலயே ஒக்காந்துட்டா'ன்னு. கேட்டவிய வாயில கைய வச்சிட்டுப் போறாவ."

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியுமா? நாலு வாய் மாறி, பஸ் ஏறி, அந்தக் கதை என் மகளின் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. அவளுக்கு அங்கே வைத்த பெயர் 'ஊசிக்கோழி'. நான் கேட்ட பிறகுதான் அதைச் சொன்னாள். அழக்கூட இல்லை. "சாப்பிடாட்டி வளர மாட்டேன்ல, பொறவு கூப்பிட மாட்டாக" என்றாள்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் அண்ணனுக்குக் கடையில் கொக்கியில் தொங்குகிற சதை மட்டும்தான் ஆடியது. சடங்குக்கு மைக் செட் வைத்து ஊருக்கெல்லாம் அறிவித்ததும் அவன்தான், கறிக்கடையில் சொன்னதும் அவன்தான், இரண்டும் ஒன்றா என்று யாரும் கேட்கலாம். ஒன்றில்லை. முதலாவது சீர். இரண்டாவது வியாபாரம்.

வீட்டுக்காரரை அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அவர் சாது. திரும்பி வந்து அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "ஊரே சொல்லுது, நானும் சொன்னேன். ஊசி போடாம ஆறு வாரத்துல எப்பிடி மாப்பிள அம்புட்டு வளரும்? இல்லன்னா ஒம்ம பொண்டாட்டிய நிரூபிச்சுக் காட்டச் சொல்லும்."

நிரூபிக்கிறேன்டா என்று அன்றைக்குக் கறுவினேன். ஆண்டாள் சன்னதியில் போய்க் கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டேன். அவன் கடையில் ஈ ஓட்ட வேண்டும், ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதை நான் நின்று பார்க்க வேண்டும்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனேன். நிதானமானவர், எதையும் பிட்டுப் பிட்டு வைப்பார். வளர்ச்சி ஹார்மோன் ஊசி உண்டா சார் என்று கேட்டதும் சிரித்தார்.

"அத ஒரு கோழிக்குப் போடுத செலவுல நீங்க ஒரு பண்ணையே வாங்கிரலாம்மா. தீவனத்துல கலந்தாலும் ஆகாது. வயித்துக்குள்ள போயி பருப்பு மாதிரி செரிச்சிரும். ஹார்மோன் வெளிய இருந்து வர வேண்டாம். கோழிக்குள்ளயே இருக்கு. அத முடுக்கி விடுதது தீவனம்."

எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். வேகமாக வளர்கிற கோழியாகப் பார்த்துப் பார்த்துப் பல தலைமுறையாக இணைசேர்த்து உண்டாக்கிய இனம் அது. வயிறு நிறையத் தீனியும், தீனியில் போதுமான புரதமும் இருந்தால் இன்சுலின் சுரக்கும், வளர்ச்சிக்கான சரக்கைக் கல்லீரல் ரத்தத்தில் விடும், தின்றது சதையாகும். புரதத்தைக் குறைத்தால் அந்தக் குறையை நிரப்பப் பார்த்து இன்னும் தின்னும், ஆனால் தின்றது வயிற்றில் கொழுப்பாகத்தான் சேரும். ஒரேயடியாகச் சாப்பாட்டையே குறைத்தால், கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி, அது தணலைக் குறைத்துவிடும். உடம்பு குளிரும், சுணங்கும், வளர்ச்சியை நிறுத்தி உயிரை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும்.

மகளின் சில்லிட்ட கை எனக்கு நினைவு வந்தது. அவளைப் பற்றியும் சொன்னேன்.

"நல்லாச் சாப்பிட்டு வளந்த பிள்ளைங்க கொஞ்சம் முந்தி வயசுக்கு வரத்தாம்மா செய்யும். ஆனா நான் மாட்டு டாக்டர். பெரியாஸ்பத்திரில லேடி டாக்டர் இருக்காங்க. பிள்ளைய மொதல்ல அங்க காட்டுங்க."

காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. எனக்கு அப்போது வைத்தியம் வேண்டியிருக்கவில்லை, அண்ணனின் மூக்கு உடைய வேண்டியிருந்தது. அவன் மூக்கு உடைந்தால் இவள் தானே சாப்பிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்து வந்த பெட்டியிலிருந்து இருபது குஞ்சுகளைப் பிரித்தெடுத்தேன். எல்லாவற்றுக்கும் சொட்டு மருந்து விட்டேன். பத்துக் குஞ்சுகளின் கால் நகத்தில் சிவப்பு நகப்பாலிஷ் தடவினேன். வெறுங்கால் பத்துக்கும் பண்ணைத் தீவனம். நகப்பாலிஷ் பத்துக்கும் உடைத்த கம்பும் தவிடும், அதுவும் அளந்துதான். நடுவே சல்லடைக் கம்பி கட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்து தீனி வைக்கிற வேலையை மகளிடமே கொடுத்தேன். தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஒரு பக்கம் மார்பு அகன்று, நடக்கச் சோம்பி, தீனித்தொட்டி ஓரமே கிடந்தன. இன்னொரு பக்கம் சிறகு சிலிர்த்த நோஞ்சான்கள், பட்டப்பகலிலும் பல்புக்கு அடியில் ஒன்றையொன்று ஒண்டி நின்றன. பார்க்கப் பார்க்க எனக்குக் குஷி. ஒவ்வொரு நோஞ்சானும் என் அண்ணன் வாயில் விழப்போகிற ஒரு குத்து.

"யம்மா, இதுகளுக்கும் அந்தத் தீவனத்துல செத்தக் குடுக்கட்டா?" என்றாள் மகள்.

"குடுக்கக் கூடாது."

"இதுக என்ன செஞ்சது?"

"ஒண்ணும் செய்யல. ஒம் மாமன் செஞ்சான்."

இரண்டு நாள் கழித்து ஒரு நகப்பாலிஷ் குஞ்சின் தீனிப்பை புடைத்திருந்தது. கம்பி வழியாகக் கையை விட்டு மகள் ஊட்டியிருக்கிறாள். முதுகில் ஒன்று வைத்தேன். எல்லாம் உனக்காகத்தானே செய்கிறேன் என்று கத்தினேன். அன்றும் அவள் சாப்பிடவில்லை.

ஆறு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்றை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். வரமாட்டேன் என்ற மகளை இழுத்துக்கொண்டு போனேன். கடையில் நல்ல கூட்டம். வரிசையை விலக்கிக்கொண்டு நேரே போய்க் கூடையைக் கறிவெட்டுகிற கட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணே, இந்த ரெண்டையும் நிறுத்துக் காட்டு."

அவன் முகம் மாறியது. "ஏட்டி, யாவார நேரம். வீட்டுக்குப் போ, மதினி இருக்கா. பொறவு பேசுவோம்."

"இங்கதான பேசுன? இங்கயே பேசுவோம்."

நானே தராசில் தூக்கி வைத்தேன். ஒரு தட்டில் அது, மறு தட்டில் இது. பெரியது இருந்த தட்டு தடாலென்று இறங்கியது. நோஞ்சான் மேலே போய் ஆடிக்கொண்டு கத்தியது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

"ரெண்டும் ஒரே பெட்டி, ஒரே நாள் குஞ்சு. இதுல எதுக்கு ஊசி போட்டிருக்கேன்? சொல்லுங்க பாப்போம்."

ஒருவர் பெரியதைக் காட்டினார்.

"ரெண்டுக்கும் போடல. ரெண்டுக்கும் கண்ணுல ஒரு சொட்டு மருந்து, அம்புட்டுதான். இது தின்னது தீவனம். அது தின்னது கம்பும் தவிடும். நாளைக்கே அதுக்கும் தீவனம் வச்சா வளரத் தொடங்கும். நம்பலன்னா பண்ணைக்கு வந்து பாருங்க. எங்கண்ணனும் வந்து பாத்தாவ. ரெண்டு தடவ வாங்கித் தின்னுட்டு வந்துதான் ஊசிக்கோழின்னு சொன்னாவ."

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். "தின்னுட்டா சொன்னீரு?" என்று ஒருவர் அண்ணனைக் கேட்டார். அண்ணன் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குத்தான் ஆறு வாரம் காத்திருந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குப் போதவில்லை. மகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினேன்.

"இந்தா பாருங்க, எம்மக. ஆமா, பத்து வயசுல சமஞ்சா. பதினாறு நாள் பச்ச முட்டையும் நல்லெண்ணெயும் இவ வாயில ஊத்துனது இந்த மாமன்தான். இவ சமஞ்சதுக்கு எங்கோழியா காரணம்? எவன் சொல்லுதான், முன்னால வந்து சொல்லச் சொல்லுங்க!"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வரிசையில் நாலு பேர் கலைந்து போனார்கள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு, வெற்றியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். என் வயிறு குளிர்ந்திருந்தது. பஸ்ஸில் வழிநெடுக நானே பேசிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டு வைத்தேன். "சாப்பிடு. இனிமே ஒருத்தி ஒன்ன அப்பிடிக் கூப்பிட மாட்டா."

அவள் தட்டைத் தொடவில்லை. "மாமா கதை சொன்னப்ப அங்க இருந்தவங்களுக்கு நான் யாருன்னு தெரியாது. நீ என்னக் கையப் பிடிச்சு நிறுத்திக் காட்டிட்ட" என்றாள்.

மறுநாளே லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தாள், தேறினாள். அண்ணன் அதன் பிறகு கோழியைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று கேள்வி. அது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அவன் வாசலை நான் மிதிக்கவில்லை. மகள் மட்டும் போய்வந்தாள். அவன் ஒரு நாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டானாம். நான் கேட்கவில்லை. பெற்றவள் பிள்ளையிடம் என்னவென்று கேட்பாள் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாயிரத்து இரண்டில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். சிரித்துப் பேசுவாள், பண்டிகைக்கு வருவாள், எனக்குச் சேலை எடுத்துத் தருவாள். தன் உடம்பைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதியை, ஐந்தாவது மாதத்தில், கடைத்தெருவில் எதிர்ப்பட்ட என் அண்ணன் பெண்டாட்டிதான் எனக்குச் சொன்னாள்.