அறுவைக்கு முன்னால் ஆறு நாட்கள்

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. காலையில் எழுந்ததும் வாந்தி எடுப்பாள். தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். மதியத்துக்குள் சரியாகிவிடும். பள்ளிக்கூடம் போகச் சோம்பல் என்றே நினைத்தேன். ஒருநாள் குடத்தைத் தூக்கி வரும்போது தடுமாறி, தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டாள். முதுகில் ஒன்று வைத்தேன்.

"நான் கொட்டலம்மா. கால் தானா போவுது" என்றாள்.

நான் எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை செய்கிறவள். மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு, யார் மெலிகிறார்கள், யாருக்கு நடை வரவில்லை என்று பார்த்து எழுதுவது என் வேலை. என் பிள்ளை கோணலாக நடந்தது மட்டும் என் கண்ணில் படவில்லை.

வாந்திக்கு மருந்து வாங்கப் போனபோது, எங்கள் மலையில் உள்ள ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் அவளைத் தரையில் ஒரு கோட்டின் மேல் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, உடனே வேலூருக்குப் போகச் சொன்னார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த திங்களே ஆபரேஷன் என்றார் பெரிய டாக்டர்.

"எடுத்துட்டா நல்லாயிடுவாளா சார்?"

"உயிரக் காப்பாத்தத்தாம்மா எடுக்கறோம். நடை, பேச்சு எப்படி இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது."

தள்ளிப்போட்டால் கண்பார்வை போய்விடும் என்று சொல்லி, வீக்கம் வடிய மாத்திரை கொடுத்தார். சனிக்கிழமை வந்து சேரவேண்டும், இரத்தம் கொடுக்க மூன்று பேரைக் கூட்டி வரவேண்டும் என்றார்.

என் கணவர் அப்போது குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருந்தார். போனில் சொன்னேன். "வர்றேன்" என்றார். மறுநாள் சாயங்காலம் வந்தவர், பையைக்கூட இறக்கி வைக்காமல் மகளின் பின்தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அவருடைய அண்ணன் ஒரே பிடியாக நின்றார். "தலைல கத்தி வெச்சா எவன் பொழச்சான்? சாமிகிட்ட வாக்கு கேக்காம கொழந்தைய எங்க இட்டுகினு போறீங்க?"

"வாக்கு கேட்டுகினு இருந்தா கண்ணு போய்டும்ணா" என்றார் என் கணவர். சொன்னாரே தவிர, குரலில் உறுதியில்லை.

அதற்குள் இன்னொன்று நடந்தது. மாத்திரை வேலை செய்தது. வியாழக்கிழமை காலை அவள் வாந்தி எடுக்கவில்லை. சாமைச் சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றாள். தலைவலியும் இல்லை என்றாள். "பாத்தியா, மாத்திரைலயே சரியா பூட்ச்சி" என்றார் அண்ணன். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. சனிக்கிழமை போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று வெள்ளிக்கிழமை காலை நானே கணவரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "நீ படிச்சவ. நீ சொல்லு" என்றார்.

அன்று பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு மகளை அங்கன்வாடிக்குக் கூட்டிப்போனேன். சாக்பீஸால் தரையில் நீளமாக ஒரு கோடு போட்டேன். "இது மேலயே நட" என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நடந்தாள். நாலாவது அடியில் இடப்பக்கம் சரிந்து, எடை பார்க்கும் மெஷின் மேல் விழப்போனாள். ஓடிப் பிடித்தேன். "இன்னொரு வாட்டி நடக்குறேம்மா" என்றாள். வேண்டாம் என்று கோட்டை ஈரத்துணியால் துடைத்தேன். கணவரிடம் போய், "நாளைக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னேன்.

மலையிறங்கும் பஸ்ஸில் அவள் என் மடியில் சாய்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, என் தலைய தொறப்பாங்களா?"

யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா. உள்ள ஒரு கட்டி கீது. அத எடுத்துட்டு மூடிடுவாங்க."

"அப்ப நான் தூங்கினு இருப்பேனா?"

"தூங்கினு இருப்ப."

"நீ முழிச்சினு இரு" என்றாள். முன்சீட்டில் இருந்த அவள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரத்தம் கொடுக்க ஊரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அதில் அண்ணனும் ஒருவர். வேண்டாம் என்று சொன்னவர்தான், முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார். பிரஷர் அதிகம் என்று அவரை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். டீ வாங்கித் தந்தும் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை உள்ளே கொண்டுபோனவளைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் பேச்சு வரவில்லை. கண் திறந்து என்னைப் பார்ப்பாள், கண்ணீர் வழியும், வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. சிலருக்கு இப்படி ஆகும், திரும்ப வரும் என்றார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. ஒரு நாள் நர்ஸ் ஊசியோடு வந்தபோது "வாணாம்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நானும் கணவரும் வார்டு என்றும் பார்க்காமல் அழுதோம்.

கட்டி முழுக்க வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்த துண்டை விட்டுவிட்டு, அப்புறம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போகிறோம். அவளுக்கு இப்போது பதினொரு வயது. சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். பேச்சு மட்டும் ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வருகிறது. வீட்டில் நாங்கள் காத்திருந்து கேட்கப் பழகிவிட்டோம். வகுப்பில் அவள் சொல்லி முடிப்பதற்குள் வேறு யாராவது பதில் சொல்லிவிடுகிறார்களாம். இந்த வருஷம் அவள் கை தூக்குவதே இல்லை என்று டீச்சர் சொன்னார்.