பழைய வாசல் நிலை விற்கும்போது சொல்லக் கூடாதது

முதல் நாள் என் கையில் கொடுத்தது ஆணி பிடுங்கும் கம்பி. இடித்த கட்டடங்களின் மரத்தை வாங்கி விற்கும் கிடங்கு அது, இங்கே வகார் என்பார்கள், தாராவி ஓரத்தில். கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாவற்றிலும் ஆணி எடுக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மரம் சீவும் ரந்தா மெஷினின் பிளேடு போச்சு, முதலாளி சேட்டின் வாயும் திறந்துவிடும். இன்று அங்கே விற்பனை என் பொறுப்பு. திறமை என்று பெருமையடிக்க மாட்டேன். நம் ஆட்கள் வந்தால் சேட்டுக்குத் தமிழ் பேச வராது, அவ்வளவுதான்.

நம் ஆட்கள் மரத்தைத் தட்டிப் பார்க்கும் முன்பே ஒன்று கேட்பார்கள். "இது எந்த வீட்டு நிலை? நல்லா வாழ்ந்த வீடுதானா?" உத்தரத்துக்குக் கேட்க மாட்டார்கள், ஜன்னலுக்கும் கேட்க மாட்டார்கள். வாசல் நிலைக்கு மட்டும் ஜாதகம் வேண்டும். எனக்கு எங்கே தெரியும்? ரீடெவலப்மென்டுக்குப் போகும் ஒரு கட்டடத்திலிருந்தே நாற்பது நிலை வரும். அதனால் கைவசம் ஒரு பதில் வைத்திருந்தேன்: "மூணு பொண்ணுகளக் கட்டிக்கொடுத்த வீடு." கேட்டவர்கள் முகம் மலரும், டெம்போ வந்து நிற்கும்.

பாண்டியம்மாள் அக்காவிடமும் அதையே சொன்னேன். கணவர் போனபின் தாராவியில் இட்லிக் கடை வைத்து, ஒற்றையாளாக மகனை வளர்த்தவர் அவர். கோபர்கைரனேயில் சின்னதாக ஒரு பழைய வீடு வாங்கியிருந்தார். அதன் வாசல் நிலையைக் கரையான் தின்றிருந்தது. மாட்டுங்காவிலிருந்து வந்த பர்மா தேக்கு நிலையும் கதவும் அவருக்குப் பிடித்துப்போயின. அளவுக்கு அறுத்து, ரந்தா போட்டுத் தயாராக வைத்தோம். அப்போதுதான் அவரிடமிருந்து போன்.

"இசக்கி, வெள்ளிக்கிழம புது வீட்டுல பால் காய்ச்சுதோம். மறுவாரம் பயலுக்குக் கல்யாணம். அந்த மூணு பொண்ணுகளப் பெத்த அம்மாவக் கூட்டிட்டு வந்திரு. அவுக கையால காய்ச்சட்டும். தாலி இல்லாதவ நான் காய்ச்சக் கூடாதுல்லா."

மாட்டுங்காவிலிருந்து வந்த நிலைகளில் இந்த ஒன்றின் சொந்தக்காரரை மட்டும் எனக்குத் தெரியும். பார்வதி மேடம், பேங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கதவைக் கழற்றிய அன்று வந்து நம்பரைக் கொடுத்து, "இது எங்கே போறதுன்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றார். கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

கட்டடம் இடிபட்டதால் சான்பாடாவில் வாடகைக்கு இருந்த அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூணு பொண்ணா? பேராவது வெச்சியாடி? இரு, நாளைக்கு நானும் வரேன்."

அக்காவையும் வரச்சொன்னேன், மறுநாள் இருவரும் வகாருக்கு வந்தார்கள். "அக்கா, நான் சொன்னது பொய். மேடத்துக்குக் கல்யாணமே ஆகல" என்றேன்.

பாண்டியம்மாள் அக்காவின் முகம் கறுத்துவிட்டது. "ஏட்டி, கல்யாண வீட்டு நெலையில போயா பொய் சொல்லுத?"

வேண்டாம் என்று அவர் போய்விட்டால், வெள்ளிக்கிழமைக்குள் வேறு நிலையை அளவுக்கு அறுத்துத் தயாராக்க முடியாது. வாசல் இல்லாத வீட்டுக்குத்தான் மருமகள் வர வேண்டும்.

பார்வதி மேடம் நிலையில் கை வைத்துக்கொண்டு பேசினார். "முப்பத்தஞ்சு வருஷம் இந்தக் கதவை நானே பூட்டினேன், நானே திறந்தேன். அந்த ஆத்துல பால் காய்ச்சினதும் நான்தான். கூடாதுன்னு எத்தனையோ பேர் சொன்னா. நன்னாத்தான் இருந்தேன்." பிறகு அக்காவிடம் திரும்பி, "உங்க வீட்டை வாங்கினது யாரு?" என்று கேட்டார்.

"நாந்தான்."

"அப்போ பாலை வேற யாரு காய்ச்சணும்?"

அக்காவும் நிலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டெம்போவ வரச்சொல்லு. ஒம் மூணு பொண்ணுகளையும் இங்கனயே வச்சுக்க."

வெள்ளிக்கிழமை அக்காவே அடுப்பைப் பற்றவைத்தார். சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். மகன் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றான். பால் பொங்கியபோது அக்கா சிரித்தார், எனக்குத்தான் அழுகை வந்தது.

புதிதாக விற்பனைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். யார் வாழ்ந்த வீடு என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். குறை என்று நினைத்து நான் மறைத்த விஷயம்தான் அந்த அக்காவைத் தன் வீட்டு அடுப்பின் முன்னால் நிறுத்தியது.