அஸ்ரியா விட்ட கை

இது நடந்தது. பிரமை, பயம், தூக்கமின்மை என்று பெயர் வைக்க வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெயர்களையெல்லாம் ஏற்கெனவே வைத்துப் பார்த்தாயிற்று. வைத்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அஸ்ரியா கற்பிட்டியில் மருத்துவமாது; ஊருக்கு 'மிஸ்ஸி'. மாதம் ஒரு தடவை கடல்நீர்க் களப்பைக் கடந்து, தீவில் மீனவர் தங்கும் வாடிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நிறை பார்ப்பாள். போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை போட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஓட்டியவன் றிஸ்வி, அஸ்ரியா, வாடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த பவுலினா. சரியாக இரண்டு ஐந்துக்குக் காற்று போட்டைக் கவிழ்த்தது. றிஸ்வி எண்ணெய்க் கேனைப் பிடித்தபடி கரைப் பக்கமாக அள்ளுண்டு போனான். கவிழ்ந்த போட்டின் இந்தப் பக்கம் அஸ்ரியா தொங்கினாள். அந்தப் பக்கம் பவுலினா. போட்டின் முதுகுக்கு மேலாக ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். முகம் தெரியாது. கையும் குரலும் மட்டும்தான்.

"விட்டுடாதீங்க மிஸ்ஸி."

மூன்று மணி நேரம் அந்தக் குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது.

ஐந்து பத்துக்கு ஒரு மீன்பிடி போட் வந்தது. அதிலிருந்தவர் கை நீட்டினார். அஸ்ரியாவின் வலது கை கயிற்றில் சுற்றிச் சிக்கியிருந்தது. இடது கையைக் கொடுத்தாள். பவுலினாவைப் பிடித்திருந்த கை அதுதான்.

அந்தப் பக்கம் 'சளக்' என்று ஒரு சத்தம்.

அலை இழுத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள். அது பொய். அந்தப் பொய் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

பிறகு ஆட்கள் வந்தார்கள். வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டேயிருந்தார்கள். பக்கத்து வீட்டு கமறியா ராத்தா பிஸ்கட் பெட்டியோடு வந்து, "சபூர் செய்ங்க புள்ள, பொறுமையா இரிங்க, உசிர் தப்பினதே பெரிய காரியம்" என்றாள். சுகாதாரப் பணிமனையிலிருந்து வந்த ஆலோசகர், மனதை அமைதிப்படுத்தும் வழிகள் என்று ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார். ஆறு வருடமாக அஸ்ரியாவே வீடு வீடாகக் கொடுத்துவந்த அதே துண்டுப்பிரசுரம்! இரண்டாம் பக்கத்தில் எந்த எழுத்து விடுபட்டிருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார். தண்ணீரில் மூன்று மணி நேரம் அதைத்தானே செய்தேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

இதில் ஆகப் பெரிய கொடுமை அவள் கணவன் ஆகிப்பின் அன்பு. வருகிறவர்களை வாசல் படலையிலேயே நிறுத்தி, "அவக்கு முன்னால அந்தக் கதைய எடுக்க வாணாம்" என்பான். பவுலினாவின் அடக்கம் எங்கே, எப்போது என்றுகூட யாரும் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல இருந்ததோ அந்த ஒரே கதைதான். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனாள். முதல் வாரம் அரைநாள் வேலை. வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி இரண்டு ஐந்து. ஆகிப் உப்பளத்தில் இருந்தான். ஆளில்லாத வீடென்றாலும் சலாம் சொல்லி நுழைவதுதான் வழக்கம்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"ஓம் மிஸ்ஸி."

குசினியின் அடுப்புப் பக்கமிருந்து பதில் வந்தது. போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. பின்கதவு பூட்டியபடியே இருந்தது.

மறுநாளும் இரண்டு ஐந்து. அதே பதில். இந்தத் தடவை அலுமாரிக்குப் பக்கத்தில்.

மூன்றாம் நாள் இன்னொன்றைக் கவனித்தாள். இடது உள்ளங்கை ஈரமாக இருந்தது. துடைத்தாள். மறுபடியும் ஈரம். நாக்கில் வைத்துப் பார்த்தாள்... உப்பு. வலது கை காய்ந்தே இருந்தது.

ஆகிப்பிடம் சொன்னாள்; அவன் மௌலவியிடம் ஆளனுப்பிக் கேட்டான். "சலாமுக்கு மலக்குமார் பதில் சொல்லுவாங்க, நல்ல விசயம்தானே" என்று சொல்லியனுப்பினார். வானவர்கள் தன்னை மிஸ்ஸி என்றா கூப்பிடுவார்கள்? அஸ்ரியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நித்திர கொள்ளு, எல்லாம் சரியாப் பெய்த்திரும்" என்றான் ஆகிப்.

அடுத்த செவ்வாய் கிளினிக் முடியப் பிந்திவிட்டது. வீட்டுக்கு வரும்போது ஐந்து ஏழு. கோபத்தோடு கதவைத் தள்ளினாள். இன்றைக்குச் சலாமே சொல்வதில்லை என்று பிடிவாதமாக உள்ளே போனாள்.

அமைதி.

பையைக் கதிரையில் வைத்தாள்.

ஐந்து எட்டு.

"மிஸ்ஸி... இண்டைக்கு சலாம் சொல்லல்லியே?"

காதுக்குப் பக்கத்தில்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

இடது கைக்குள் ஏதோ நுழைந்தது.

குளிர்.

ஒரு விரல்... இரண்டு... ஐந்து.

இறுக்கியது.

பயத்தைத் தாண்டி ஒரு ஆத்திரம் வந்தது அவளுக்கு.

"நான்தான் விட்டேன்!" என்று கத்தினாள். "அலை இழுக்கல்ல! நான்தான் உங்கட கைய விட்டேன்! இன்னும் என்னா வேணும்?"

விரல்கள் தளர்ந்தன. ஒவ்வொன்றாக.

'சளக்.'

சுவர் மணிக்கூட்டில் ஐந்து பத்து.

வாசலில் ஆகிப் நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"யார்ட கைய விட்டாய் அஸ்ரி?"

"பவுலினாட. போட் வந்த நேரம். அஞ்சு பத்துக்கு."

அவன் உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"பவுலினா மூணு இருவதுக்கே உசிரில்லாம மையத்தாக் கரையொதுங்கிட்டா. றிஸ்விதான் இழுத்து மேல போட்டான். நீ தாங்கமாட்டாய் எண்டுதான் நாங்க ஒண்டும் சொல்லல்ல."

அன்றிரவு அவள் தூங்கவில்லை. விடிந்ததும் கரைக்குப் போய் றிஸ்வியைப் பிடித்தாள். அவன் வலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நானே கேக்க நெனச்சேன் மிஸ்ஸி. உங்கட வீட்ல கதைக்க வாணாமெண்டு சொன்னாங்க."

"என்னத்தக் கேக்க?"

"நான் அந்த மையத்துக்குப் பக்கத்திலதான் இருந்தேன். அவட வலது கை மட்டும் மேல தூக்கினபடி நிண்டிச்சு. எதையோ பிடிச்ச மாதிரி. கீழ அமத்தினேன். திரும்பவும் எழும்பிச்சு. மூணு தரம் அமத்தினேன், மிஸ்ஸி. பொறகு பயத்தில தொடவே இல்ல."

அவன் களப்பைப் பார்த்தான்.

"தூரத்தில ஒரு போட் வந்து உங்களத் தூக்கினத நான் கரையிலேந்து கண்டேன். அந்த நேரம்தான் அந்தக் கை தானா விழுந்திச்சு."

அஸ்ரியா தன் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அது காய்ந்திருந்தது.