சென்னையா, கோவையா என்று உரக்கடையில் கேட்டார்கள்

இன்று காலை ஒரத்தநாட்டு உரக்கடையில் பாய் கேட்டார். "குடும்பத்தோட கிளம்புறீங்களாமே. சென்னையா, கோயம்புத்தூரா?"

"இன்னும் முடிவாகல பாய். சென்னைல வேலை இருக்கு, வாடகை கட்டுப்படியாகாது. கோயம்புத்தூர்ல தண்ணி நல்லாருக்கு, தெரிஞ்சவங்க யாரும் இல்ல."

யூரியாவுக்குக் காத்திருந்த எங்கள் பக்கத்து வயல்காரர் திரும்பினார்.

"எந்த ஊரா இருந்தாலும் சரி தம்பி, ஆத்துல தண்ணி விடுறதுக்குள்ள சொல்லிடுங்க. குறுவைக்கு உங்க வயலுக்கும் சேத்து நாத்து விட்டுடுறேன். குத்தகைய அப்பறம் பேசிக்கலாம்."

பாயும் தலையாட்டினார். "அதான் நல்லது."

'போகாதீங்க' என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வதென்று ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பதில் அப்படியே இருக்கிறது.

சென்னையா, கோவையா, கமெண்டில் சொல்லுங்கள். ஒப்புக்காவது ஒருவர் 'போகாதே' என்று எழுதுங்கள்.