புரியாத முதல் ஐம்பது பக்கங்கள்

நான் மாயக்கதைகளும் அறிவியல் புனைகதைகளும் படிக்கிறவள். தலை பாதி நரைத்த பிறகும் டிராகன் வருகிற புத்தகத்தை அலுவலகப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவள். இதை வெளியே சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. என் நாத்தனாருக்குப் பேச்சு தடம் மாறிப் போன வருடத்தோடு அந்தப் பழக்கம் போய்விட்டது. இப்போது எனக்கு இதில் கர்வம்தான். அதை மறைக்கிற உத்தேசமும் இல்லை.

நாத்தனார் என் கணவரின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெங்களூரில், தொம்மலூரின் பழைய ஊர்ச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் அவர். மேல் மாடிகளில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் பி.ஜி. விடுதி. அதை நடத்துவது அக்காதான். சிட்டி பஸ் கண்டக்டராக இருந்த அவர் கணவர் இறந்த பிறகு தனியாளாக ஆரம்பித்தது. அதற்கு அவர் போட்ட முதல் அவருடைய வாய். தண்ணீர் டேங்கர்காரரிடம் கன்னடம், முட்டைக்காரரிடம் உருது, சமையல்கார அம்மாவிடம் தமிழ், நேரம் கழித்து வரும் பெண்களிடம் மூன்றும் சேர்த்து. யாராவது எதிர்த்துப் பேசினால் ‘சும்னிரு’ என்பார். சும்மா இரு என்பதற்குக் கன்னடம். அந்த ஒரு சொல்லுக்குத் தெருவே அடங்கும்.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது என் பெட்டியில் பாதி புடவை, பாதி புத்தகம். வந்த புதிதில் ஒருநாள் மத்தியானம் தடிமனான நாவல் ஒன்றில் மூழ்கிக் கிடந்தேன். அக்கா வந்து அதைப் பிடுங்கி முதல் பக்கத்தைப் புரட்டினார்.

“இன்னாம்மா இது, பேய் பிசாசா?”

“இல்லக்கா. வேற ஒரு உலகம்.”

“‘நெவிர் இறங்கிவிட்டது, கதவைச் சாத்துங்கள்’னு போட்டிருக்கு. நெவிர்னா இன்னா?”

“தெரியலக்கா.”

“தெரியாமயேவா படிக்கற?”

“போகப் போக வரும்க்கா.”

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். அது எங்கள் சந்தின் நிரந்தரக் கேலியாகிவிட்டது. என் ரசத்தில் உப்பு குறைந்தால் “போகப் போக வரும்” என்பார். கடையில் கன்னடம் புரியாமல் விழித்துக்கொண்டு நின்றால் பின்னாலிருந்து அதே வசனம். வந்த விருந்தாளிகளிடமெல்லாம், “எங்க வீட்டுப் பொண்ணு புரியாத புத்தகமா பாத்துத்தான் வாங்கும்” என்று என்னை அறிமுகப்படுத்துவார். அக்காவின் மகன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

சிரித்தவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்த வகைப் புத்தகங்களில் முதல் ஐம்பது பக்கம் யாருக்குமே புரியாது. நெவிர் என்பது பனியா, நோயா, அரசனின் படையா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். நமக்காக நின்று விளக்க அவர்களுக்கு நேரமில்லை. பாதிப் பேர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். நாங்கள் மூட மாட்டோம். தெரியாத சொல்லை மனதில் ஒரு ஓரமாக உட்கார வைத்துவிட்டு மேலே போவோம். கதையில் குழந்தைகளை உள்ளே இழுக்கிறார்கள், விளக்கை மட்டும் வெளியே விடுகிறார்கள், எல்லோரும் தங்கள் நிழலைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள். அறுபதாம் பக்கத்தில், நிழல்கள் ஆட்களை விட்டுப் பிரிந்து போகும் பருவம் அது என்று தானாகப் பிடிபடும். ஊகம் தப்பாக இருந்தால் அடுத்த அத்தியாயம் தலையில் குட்டும். பேசுகிறவருக்கு அர்த்தம் இருக்கிறது, நான்தான் இன்னும் போதுமான அளவு படிக்கவில்லை என்கிற நம்பிக்கை ஒன்றுதான் இதற்கு மூலதனம். நான் கன்னடம் கற்றதும் அப்படித்தான். அது இன்னொரு நாள் எனக்கு எதற்குப் பயன்படும் என்று அப்போது தெரியாது.

ஒரு காலையில் வாசலில் அக்கா டேங்கர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டு நடுவில் வேறு எங்கோ போயிற்று. “நேத்தே வரச் சொன்ன ஞாயித்துக்கிழமைய எங்க ஊத்தின?” என்றார். டேங்கர்காரர் சிரித்தார். அக்காவின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதைப் பார்த்ததும் நானும் என் கணவரும் அவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பக்கவாதம். கை, கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. நாம் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. அவர் பேசும்போதுதான் சொற்கள் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நின்றன.

வீட்டுக்கு வந்த அன்று “சாவி குடு” என்றார். என் கணவர் வீட்டிலிருந்த சாவியையெல்லாம் கொண்டுவந்தார். அக்கா சாவிக்கொத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அவர் கேட்டது தண்ணீர். அதற்குப் பிறகு ஆளாளுக்கு வாத்தியார் ஆனார்கள். “அக்கா, அது சாவி இல்ல, தண்ணி. எங்க சொல்லுங்க, தண்ணி.” பார்க்க வந்த உறவுக்காரர்கள் டம்ளரைத் தூக்கிக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டார்கள். தெருவையே அடக்கின மனுஷி. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேசுவதையே நிறுத்திவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. வந்திருந்தவர்களை வைத்துக்கொண்டே சொன்னேன்: “இனிமே இந்த வீட்ல யாரும் அக்காவைத் திருத்தக் கூடாது. அவங்க தப்பா பேசல. நமக்குத்தான் இன்னும் புரியல.” கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அலுவலகம் முடிந்து வந்ததும் காபியோடு போய் அவர் கட்டிலருகே உட்காருவேன். எதுவும் கேட்க மாட்டேன். அன்றைய கதையை நான் சொல்லிக்கொண்டிருப்பேன். பல நாள் கழித்து ஒரு சாயங்காலம் தானாகவே திரும்பினார்.

“குடைங்க வந்துடுச்சா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டவும் இல்லை. புத்தகத்திடம் பொய்த் தலையாட்டு செல்லாது. “இன்னும் சொல்லுங்கக்கா” என்றேன்.

“குடைங்கதான். கேட்டு சாத்தணும். செகப்புக் குடை ரொம்ப மோசம்.”

குடையை ஓரமாக உட்கார வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம், சிரிப்புச் சத்தம். அக்காவின் முகம் தளர்ந்தது. “மேல இருக்கற பொண்ணுங்களாக்கா?” என்று கேட்டேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சிவப்புக் குடை யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தினமும் கேட் பூட்டின பிறகு வந்து மணியடிக்கிறவள் ஒருத்தி இருந்தாள்.

இதை ஒரு மந்திரம் போலச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இந்த வாரம் தண்ணீராக இருந்த சாவி அடுத்த வாரம் மாத்திரையாக மாறும். என் கணவர் ஒரு அகராதி போடப் பார்த்து, சில நாளில் அலுத்துப்போய் விட்டுவிட்டார். சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் வேலைக்காகாது. முகத்தையும் நேரத்தையும் முன்னால் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊகித்ததை அவரிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருநாள் நாங்கள் பேசிக்கொள்வதைக் கவனித்துவிட்டு, “நீங்க எங்கயாவது ட்ரெய்னிங் எடுத்தீங்களா மேடம்?” என்றாள். “எடுத்தேன். முப்பது வருஷமா டிராகன் கதை படிக்கிறேன்” என்றேன். அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். அன்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு அக்காவின் மகன், தான் வேலை பார்க்கும் புனேயிலிருந்து வந்தான். அம்மாமேல் உயிரையே வைத்திருக்கிறவன். விடுதியை மூடிவிட்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போவதாக முடிவெடுத்துக்கொண்டே வந்திருந்தான். கூடத்தில் உட்கார்ந்து மாமனிடம் விவரம் பேசினான். பெண்களுக்கு எப்போது சொல்வது, கட்டில்களை யாருக்குக் கொடுப்பது. எல்லாம் அக்காவை எதிரே வைத்துக்கொண்டுதான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா மேசையைத் தட்டினார். “குடைங்கள மடிக்காத. கண்டக்டர், நீ எறங்கிப் போ. நான் இங்கதான் ஜன்னல்.”

அவன் கண் கலங்கிவிட்டது. “பாருங்க மாமா, இப்படி இருக்காங்க. இவங்கள எப்படித் தனியா விட்டுட்டுப் போறது?”

“தெளிவாத்தான் சொல்றாங்க,” என்றேன். “பொண்ணுங்கள அனுப்பாத, நீ ஊருக்குப் போ, நான் இங்கதான் இருப்பேன்னு.”

“அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மாயக்கதை படிச்சுப் படிச்சு, இல்லாததுக்கெல்லாம் அர்த்தம் கட்டுறீங்க.”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வெடிப்பேன் என்று நினைத்திருப்பார். உள்ளே கொதித்தது உண்மைதான். ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி என்பதும் தெரிந்தது. நானே கட்டிச் சொல்கிறேன் என்றால் அக்காவின் வாழ்க்கை என் கற்பனையில் அல்லவா ஓடும்?

“சரிப்பா, என் பேச்சை நம்ப வேண்டாம்,” என்றேன். “நானும் உங்க மாமாவும் கடைக்குப் போறோம். நீ அம்மாகூட உக்காரு. ஒண்ணே ஒண்ணு, திருத்தாத. புரியலன்னா இன்னும் சொல்லச் சொல்லு. புரிஞ்சுதுன்னு நெனச்சா திருப்பிக் கேட்டுப் பாரு. அதுக்கப்புறம் நீ என்ன முடிவு பண்ணாலும் நான் வாயைத் தெறக்க மாட்டேன்.”

கடையில் என்ன வாங்கினேன் என்று இப்போது நினைவில்லை. அவன் புரியவில்லை என்று சொல்லிவிட்டால் அக்கா புனேயில் ஏதோ ஒரு மாடியில், திட்ட ஆளில்லாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அது ஒன்றுதான் மனதில் ஓடியது. நானே வாக்கும் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது அவன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். அக்காவின் கை அவன் தலைமேல் இருந்தது. அவன் அழுதிருந்தான், சிரித்துக்கொண்டும் இருந்தான்.

“அத்தை, கண்டக்டர்னா நான்தான்னு உங்களுக்குத் தெரியும். ஏன்னு தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“சின்ன வயசுல அப்பாவோட விசிலை எடுத்துக்கிட்டு வீடு பூரா ஊதிட்டுத் திரிவேன். அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. நானே மறந்துட்டேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “பொண்ணுங்க இருக்கட்டுமான்னு கேட்டேன், ஆமாங்கறாங்க. மாத்திக் கேட்டேன், அப்பவும் அதேதான். கடைசியா, அப்ப புனேக்கு வர்றீங்களான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘தொலஞ்சு போடா’ன்னாங்க.”

திட்டுகள் மட்டும் அக்காவிடம் இடம் மாறாமல் பத்திரமாக இருந்தன. அதற்கு அர்த்தம் சொல்ல நான் தேவைப்படவில்லை. எனக்கு எட்டாத ஒரு சொல்லை அவன் ஒரே மத்தியானத்தில் படித்துவிட்டான். பொறாமையாக இருந்தது என்று சொன்னால் பொய். பெருமையாக இருந்தது. சொல்லிக் கொடுத்தது நானல்லவா.

அவன் மட்டும் புனேக்குப் போனான். விடுதி நடக்கிறது. டேங்கர்காரரிடம் இப்போது நான் பேசுகிறேன், அக்கா பக்கத்தில் நின்று முறைக்கிறார். முறைப்புக்குத்தான் தண்ணீர் சீக்கிரம் வருகிறது. மாடியிலிருக்கும் பெண்கள் தங்களைக் குடைகள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். சிவப்புக் குடை இப்போது முன்னைவிடச் சீக்கிரம் வீடு திரும்புகிறாள்.

போன அவரைக்காய்ப் பருவத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா என் அலமாரியைக் காட்டி “அந்த செங்கல்” என்றார். அந்தப் பழைய தடிமனான நாவல். படித்துக் காட்டச் சொல்கிறார். இத்தனை வருடம் கேலி செய்த அதே புத்தகம். எடுத்து வந்து கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கணவர் தரையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்; மொச்சையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“‘நெவிர் இறங்கிவிட்டது, கதவைச் சாத்துங்கள்’,” என்று ஆரம்பித்தேன்.

என் கணவர் தலையைத் தூக்கினார். “நெவிர்னா என்ன?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். தம்பியைக் குனிந்து பார்த்தார்.

“சும்னிரு. போகப் போக வரும்.”

ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. என் கணவர் அவரைக்காயோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்கா என் பக்கம் திரும்பி, மேலே படி என்று புத்தகத்தைத் தட்டினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன்.